தெற்கு எந்தப் பக்கம் நகர்ந்தது

கன்னத்தில் சொட்டியது மஞ்சள் பெயிண்ட்தான், அதில் வசந்தகோகிலத்துக்குச் சந்தேகம் கிடையாது. சொட்டியபோது பாறையின் மேலே குந்தியிருந்தாளா, அடியில் மல்லாந்து கிடந்தாளா என்பதுதான் முப்பத்தெட்டு வருஷம் கழித்தும், சாலையோர நிழற்குடையின் சிமெண்டு பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்திலும், பிடிபடாமல் நழுவிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம். நாமக்கல் பஸ் அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டது. எதிரே காடையான் கரடு. கரடு என்று சொல்லப் பாதிகூட மிச்சமில்லை, ஜல்லிக் குவாரி தின்றது போக ஒரு கருஞ்சுவர் நிற்கிறது, சுவரின் மேற்கு ஓரத்தில் ஒரு பாறை மட்டும் புருவம்போல முன்னால் தள்ளிக்கொண்டு. அதுதான். பன்னிரண்டரைக்கு அதை வெடிவைத்துத் தகர்க்கப் போகிறார்கள். செவ்வாய்க்கிழமை செங்கோடன் போனில் சொன்னது அவ்வளவுதான்: “நம்ம பாறை வெள்ளிக்கெழமை போகுதுங்க. பாக்கறதுன்னா வந்து பாத்துக்குங்க.” எந்தச் செங்கோடன் என்று அவள் கேட்கவில்லை. ஒரே பேராசிரியரிடம் அவளோடு பாறையியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, அவளோடு வெயிலில் அலைந்து, பட்டம் வாங்காமலே ஒருநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன செங்கோடன். இப்போது இந்தக் குவாரியில் வெடிவைக்கிற ஃபோர்மேன். என்ன பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாறையில் எங்கோ உளி கொத்திய பள்ளம் ஒன்று இருக்கும், கைமுட்டி அளவுக்கு. அது மேல்முகத்தில் இருந்தால் ஒன்றுமில்லை, அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போகலாம். அடிமுகத்தில் இருந்தால், முப்பத்தெட்டு வருஷமாக அவள் எழுதியதும் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும், அவளை நம்பி மற்றவர்கள் வரைபடத்தில் போட்ட அம்புக்குறிகளும் தலைகீழ். சாலையைக் கடந்து இருநூறு தப்படி நடந்தால் தெரிந்துவிடும். கால் மரத்திருந்தது. பஸ்ஸில் ஒரே பக்கமாக உட்கார்ந்து வந்ததால் என்று சொல்லிக்கொண்டாள்.

“ஏனுங்கம்மா, மைன்ஸ் ஆபீஸுங்களா?”

சிவப்புக் கொடியைக் கம்போடு தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் நிழலுக்கு வந்து நின்றாள். வெடி நேரத்தில் வண்டிகளை மறிக்கிறவள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை, சட்டை முழுக்கக் கல்தூசி.

“இல்லம்மா. ஃபோர்மேனைத் தெரியும்.”

“செங்கோட்டண்ணனுக்குச் சொந்தமுங்களா? ஆருமே தேடி வரமாட்டாங்களே அவரைய. நான் பாவாயிங்க. அண்ணன் மேல குழிக்கு மருந்து போட்டுட்டு இருக்குது. மூணு விசிலுங்க. மொத விசிலுக்கு ஆளெல்லாம் எறங்கோணும். ரெண்டுக்கு நான் வண்டிய நிறுத்திருவேன். மூணுக்குக் காதப் பொத்திக்கோணும். பயந்துக்காதீங்க.”

“பயமில்ல,” என்றாள். உண்மையாகவே இல்லை. பயம் இருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுப் பார்த்தாள், பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு சொந்த உதட்டைத் தொடுகிற மாதிரி, இருக்கிறது, ஆனால் யாருடையதோ.

கல்லைப் பெயர்ப்பதற்கு முன்னால் அதன்மேல் மஞ்சள் பெயிண்ட்டில் ஓர் அம்பு போட வேண்டும். வடக்கு எது, சரிவு எந்தப் பக்கம், எத்தனை பாகை. பிறகுதான் உளியை வைக்கலாம், ஏனென்றால் பெயர்த்த நிமிஷத்தில் கல் தன் திசையை மறந்துவிடும், மேஜைமேல் அது வெறும் கல். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் பழகிவிட்டது. மேல்முகத்தில் உளி ஏறாத இடத்தில் அடிமுகத்திலும் அம்பு போடலாம், தவறில்லை, போட்டால் குறிப்பேட்டில் ‘அடிமுகம்’ என்று ஒரு சொல் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் ஆய்வுக்கூடத்தில் அறுக்கிறவர் அதை மேல்முகமாகத்தான் வைத்து அறுப்பார், தேய்த்துத் தேய்த்து வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாக்கிக் கண்ணாடியில் ஒட்டித் தருவார், அந்தச் சீவலில் வலது எல்லாம் இடதாகிவிடும், கடைக் கண்ணாடியில் எழுதிய பெயரை உள்ளேயிருந்து படிக்கிற மாதிரி. அவளுடைய குறிப்பேட்டில் அந்தச் சொல் இல்லை. பச்சை அட்டை போட்ட அந்தக் குறிப்பேட்டை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாகை இருக்கிறது, தேதி இருக்கிறது, அன்றைக்குச் சாப்பிட்ட எலுமிச்சைச் சாதத்தின் எண்ணெய்க் கறைகூட இருக்கிறது, அந்தச் சொல் இல்லை. மேல்முகமாக இருந்ததால் எழுதவில்லையா, அடிமுகமாக இருந்தும் மறந்துபோனதா? எழுதாத சொல்லைப் பார்த்து என்ன தெரியும். ஆனால் பெயிண்ட் சொட்டியது. பெயிண்ட் கீழ்நோக்கித்தான் சொட்டும். குனிந்து வரைந்தால் பாறையில் சொட்டும், அண்ணாந்து வரைந்தால் முகத்தில் சொட்டும். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டு மாடிப்படியின் அடிப்பக்கத்துக்கு அவளே பெயிண்ட் அடித்த ஞாயிற்றுக்கிழமை, ஒரு சொட்டு கன்னத்தில் விழுந்ததும், குளிர்ந்து, பிறகு இறுகி, தோலை இழுத்ததும், உடம்பு சட்டென்று இன்னொரு கன்னத்தை, இருபத்தைந்து வயதுக் கன்னத்தை எடுத்து நீட்டியது, பார், இதே மாதிரி. பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் கீழே வெகுநேரம் நின்றாள். மறுநாள் திங்கட்கிழமை. வகுப்பு இருந்தது. காவிரிக்கு வடக்கே நின்று தெற்கே பாருங்கள், ஐம்பத்தைந்து கோடி வருஷத்துக்கு முன்னால் எதிரே இருந்த நிலம் உங்கள் வலது கைப்பக்கம், மேற்கே நகர்ந்தது என்று கரும்பலகையில் அம்பு போட்டாள். அதற்குப் பிறகும் பதினைந்து வருஷம் போட்டாள். வேறு ஏதோ பாறையில் சொட்டியிருக்கும். அந்த வருஷம் நாற்பது பாறைக்கு அம்பு போட்டார்கள். நாற்பதில் எதிலாவது சொட்டியிருக்கும்.

இரண்டு நிலங்கள் இருந்தன, நடுவே ஒரு கடல் இருந்தது. பாடத்தை அவள் இப்படித்தான் ஆரம்பிப்பாள். கடல் வருஷத்துக்கு இரண்டு விரற்கடை குறுகிக்கொண்டு வந்து ஒருநாள் மூடியது, அந்த ஒருநாள் என்பது சில லட்சம் வருஷம். மூடிய பிறகும் நிலங்கள் நிற்கவில்லை. முட்டின, ஒன்று மற்றதன் அடியில் புகுந்தது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில் கிடந்து வெந்தது, பாறைக்குள் இருந்த தண்ணீரெல்லாம் வற்றுகிறவரை வெந்தது. மேலே பனிமலை மாதிரி ஒரு மலைத்தொடர் எழும்பியிருக்கும், அதைப் பார்க்க ஒரு கண்ணும் இல்லை, மழையும் காற்றும் அரித்து எடுத்துப் போய்விட்டன, மலையின் பாரம் குறையக் குறைய அடியில் வெந்தது மேலே வந்தது. இப்போது நாமக்கல்லில் லாரி நிறுத்துவதும், திருச்செங்கோட்டில் தேர் இழுப்பதும் அந்த வெந்த வயிற்றின்மேல்தான். பக்கத்தில் படுத்திருந்த மடகாஸ்கர் பிற்பாடு எழுந்து போய்விட்டது, ஒன்பது கோடி வருஷம் ஆயிற்று. ஈரம் இருக்கிற பாறை சீக்கிரம் உருகும், வற்றிய பாறை அத்தனை சூட்டிலும் உருகாமல் நிற்கும், அதனால்தான் இந்த ஊர்க் கருங்கல்லுக்கு இவ்வளவு உறுதி. அவள் கணவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு நாத்தனார் வாசலில் நின்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது, “பாறை படிச்சவ பாறையாட்டம் நிக்கறா பாரு.” கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறாள் என்று தோன்றிற்று. எப்போதிலிருந்து இப்படி? மரத்துப்போனதற்குத் தேதி கிடையாது. படிக்கட்டின் கீழே நின்ற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்று சொல்லலாம், அல்லது அதற்கும் முன்னால், அந்தச் சிரிப்பிலிருந்து.

வேண்டாம், அது வேண்டாம் என்று சாலையைப் பார்த்தாள். ஒரு டிப்பர் லாரி போனது, தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஜல்லி உதிர்ந்தது. ஆனால் நினைவு வந்துவிட்டது, கருத்தரங்கக் கூடம், இழுத்துவிட்ட திரைச்சீலை, ஸ்லைடு எந்திரத்தின் சூடு. திரையில் அவளுடைய சீவல். செம்மணிக்கல் ஒன்று, கார்னெட், நடுவில் ரோஜா நிறத்தில் உருண்டு கிடக்கிறது, அதன் இரண்டு பக்கமும் வெள்ளை வால், குழந்தை உச்சந்தலையில் முடி சுழிக்கிற மாதிரி. கல் உருண்ட பக்கத்துக்கு வால் சுழிக்கும், சுழியைப் பார்த்தால் நிலம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று சொல்லிவிடலாம். வலம். மேற்கு. பேராசிரியர் தலையை ஆட்டினார். அப்போதுதான் பின்வரிசையில் செங்கோடன் எழுந்தார். அவருடைய சொந்த ஊர் காடையான் கரட்டுக்கு இரண்டு மைல், அவர்தான் அவளை அந்தப் பாறைக்குக் கூட்டிப்போனவர். “சார், ஸ்லைடு வலம்னு சொல்லுது. ஆனா கரட்டுல பாறையில வெள்ளைக் கோடு மடிஞ்சிருக்கறது இடமாத்தானுங் சார் இருக்குது. தெற்கு நெலம் கெழக்கேதான் போயிருக்குது. நான் கண்ணால பாத்தனுங் சார்.” பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “கண்ணால பாக்கறதுக்கு எதுக்கய்யா யூனிவர்சிட்டி? ஆடு மேய்க்கறவனும்தான் தெனம் பாக்கறான்.” கூடம் சிரித்தது. எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற அவளும் சிரித்தாள். பெரிய சிரிப்பு இல்லை. எல்லோரும் சிரிக்கும்போது வாய் தானாகக் கோணுமே, அந்த அளவு. செங்கோடன் பேராசிரியரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தார். மூன்று மாதத்தில் போய்விட்டார். அவருக்கு என்று வைத்திருந்த அந்தப் பகுதி ஆராய்ச்சியும் அவளுக்கே வந்தது, பட்டம், வேலை, வெளிநாட்டில் இரண்டு கூட்டம், அவள் பெயர் சேர்த்துச் சொல்லப்படுகிற ஓர் அம்பு.

“என்னுங் கோகிலம், வெயில்ல வந்திருக்கறீங்க. குடை கொண்டாறக் கூடாதுங்களா?”

செங்கோடன் முன்னால் நின்றிருந்தார். தலை முழுக்க நரைத்து, நரையின்மேல் தூசி. மஞ்சள் ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கியிருந்தார். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“எப்படி இருக்கீங்க, செங்கோடன்?”

“பாக்கறீங்களே. நீங்க எழுத்துல ஒடைச்சத நான் மருந்து வெச்சு ஒடைக்கறேன்.” சிரித்தார். குத்தினாரா, விளையாடினாரா என்று தெரியவில்லை. “மருந்து போட்டாச்சுங்க. ஒயரு இன்னும் கோக்கல. உங்களுக்காகத்தான் வெச்சிருக்கறேன். பத்து நிமிஷம். சட்டப்படி பாத்தா ஆரையும் உடக் கூடாதுங்க, நான் கூடவே வாரேன். போட்டோ எடுத்துக்கறதுன்னாலும் எடுத்துக்குங்க.”

“நீங்க பாத்தீங்களா?”

“எதைங்?”

அவர் காத்திருந்தார். பாவாயி கொடிக் கம்பால் தரையைக் கிண்டிக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இருவது வருஷமா இங்கதான் இருக்கறேன்,” என்றார் செங்கோடன் கடைசியாக. “மழை பேஞ்சா அதுக்கு அடியிலதான் நின்னுக்குவேன். ஆனா நான் சொல்றதக் கேட்டுப்போட்டு நீங்க போகக் கூடாது. பாக்கறவங்கதான் பாக்கோணும். வாங்க.”

வருகிறேன் என்றுதான் சொன்னாள். சொன்னது நினைவிருக்கிறது. எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, சாலையின் இரண்டு பக்கமும் பார்த்து, கடந்து, சரளையில் செருப்பு வழுக்க மெல்ல ஏறி, பாறையின் நிழலுக்குள் போய் அண்ணாந்தாள், அண்ணாந்தால் பள்ளம் இருந்தது, பள்ளத்தின் ஓரத்தில் ஒரு தீற்று மஞ்சள்கூட மிச்சம் இருந்தது, இல்லை, பள்ளம் இல்லை, கருத்த வழவழப்பு, ஒரு பல்லி, பள்ளம் மேலேதான், மேலே ஏறிப் பார்த்தால் அங்கே, இல்லை, அடியில்தான். இதையெல்லாம் அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். கால் நகரவில்லை. மடியில் கைப்பை, அதற்குள் பச்சைக் குறிப்பேடு, செல்போன், ஒரு டப்பாவில் தயிர்சாதம். பார்க்கத்தானே வந்தோம் என்று தன்னையே கேட்டாள், குரல் எட்டாத தூரத்தில் நிற்கிறவளைக் கேட்பது போல. பார்த்தால் எழுத வேண்டும். எழுதினால் யாருக்கு? பேராசிரியர் செத்துப் பதினோரு வருஷம். ஆனால் அந்த அம்பை வைத்து நாலு பேர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், ஒருத்தி போன மாதம்தான் போன் பண்ணினாள், மேடம், எனக்குத் தெற்கு கிழக்கே போன மாதிரி வருது, எங்க தப்பு பண்றேன்னு தெரியல மேடம். நல்லா திரும்பப் பாரும்மா என்று சொல்லி வைத்தாள். நல்லா திரும்பப் பாரும்மா. எவ்வளவு சுலபமாக வந்தது அந்தக் குரல், அன்புகூட இருந்தது அதில். பார்க்காவிட்டால் சந்தேகமாகவே இருக்கும், சந்தேகத்தோடு இருக்கப் பழகிவிட்டது, பதினெட்டு வருஷப் பழக்கம், சந்தேகத்துக்கு யாரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லமாட்டார்கள். பாறை போய்விட்டால் அப்புறம் யாரும் எதையும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் வந்தாளா? போவதைப் பார்க்கவா? மூன்று மணி நேரம் பஸ்ஸில், தயிர்சாதத்தோடு, அது போய்விட்டதா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளவா?

செங்கோடன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹெல்மெட்டைத் தலையில் வைத்தார்.

“வேண்டாம்னா வேண்டாமுங்க,” என்றார். குரலில் ஒன்றும் இல்லை. “நேரம் ஆகுது. ஒயரு கோக்கோணும்.”

திரும்பிச் சாலையைக் கடந்தார். இடது காலை லேசாக இழுத்து நடந்தார், அது எப்போதிலிருந்து என்று அவளுக்குத் தெரியாது, அவரைப் பற்றி எதுவுமே தெரியாது, கல்யாணம் ஆயிற்றா, பிள்ளைகள் உண்டா, மழைக்கு அந்தப் பாறையின் அடியில் ஒதுங்கி நிற்பார் என்பது மட்டும் பத்து நிமிஷமாகத் தெரியும். நின்றால் அண்ணாந்து பார்த்திருப்பார். இருபது மழைக்காலம். ஒரு கார்டு போட்டிருக்கலாம், ஒரு போன் பண்ணியிருக்கலாம், பல்கலைக்கழகத்துக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. பாறைக்கு நாள் குறித்த பிறகு கூப்பிட்டார், அதுவும் பழி சொல்ல இல்லை, அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று. முதல் விசில் ஊதியது. மேலேயிருந்து நாலைந்து பேர் கம்பியும் கூடையுமாக இறங்கி வந்தார்கள், ஒருத்தன் எதற்கோ சிரித்தான். அவள் எழுந்தாள். எழுந்துவிட்டோம் என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது. சாலையின் விளிம்புவரை போனாள். இரண்டாவது விசில்.

“அம்மா, அக்கட்டால போகக் கூடாதுங்க!” பாவாயி சிவப்புக் கொடியைக் குறுக்கே நீட்டினாள். “இதுக்கு முன்னால அண்ணன் கூப்புட்டப்பப் போயிருந்தீங்கன்னா சரி. இனி அந்தச் சாமியே வந்தாலும் உடமாட்டேன். நில்லுங்க.”

நின்றாள். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன. ஒரு மோட்டார் சைக்கிள்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுக் கொட்டாவி விட்டான். செங்கோடன் இந்தப் பக்கத்துக்கே திரும்பி வந்து, இருபதடி தள்ளி, மண்மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டியோடு குந்தியிருந்தார். சட்டைப்பையிலிருந்து பஞ்சை எடுத்துப் பிய்த்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டார். கரட்டைப் பார்த்தார். மூன்றாவது விசிலை ஊதிவிட்டுப் பெட்டியின் விசையை அழுத்தினார்.

சத்தம் முதலில் வரவில்லை. செருப்புக்கு அடியிலிருந்து தரை ஒருமுறை அவளைத் தூக்கிக் கொடுத்தது, கணுக்காலில் ஏறி முழங்காலில் ஏறி இடுப்புவரை வந்தது, பிறகுதான் சத்தம். பாறை வெடித்துச் சிதறவில்லை. ஒரு மூச்சு இழுத்துவிட்டு, அசந்துபோய் உட்கார்கிற மாதிரி, முன்பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது. புருவம் போயிற்று. அந்த இடத்தில் வானம் தெரிந்தது, வெளிறிய, மத்தியான வானம். தூசி எழுந்து சாலைக்கு வந்தது. அவள் வாயில் கல்லின் ருசி. கல்லை எந்த முகத்திலிருந்து எடுத்தாள் என்று சொல்ல இப்போது பூமியில் பாறை இல்லை, பள்ளம் இல்லை, பல்லி இல்லை. சொல்வதானால் அவள் ஒருத்திதான் சொல்ல வேண்டும், சொன்னாலும் சாட்சி கிடையாது, கன்னத்தில் சொட்டியது என்று சொல்கிற ஒரு கிழவியின் வார்த்தை மட்டும். தனக்குப் பதிலாகப் பாறை சொல்லிவிடும் என்றுதான் இத்தனை நாளும் அதை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தோமா என்று தோன்றியது.

மண்மூட்டையைச் சுற்றிக்கொண்டு போனாள். செங்கோடன் பெட்டியின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“நான் போட்ட அம்பு தப்பு,” என்றாள்.

அவர் நிமிர்ந்தார். அவளுடைய வாய் அசைந்ததைப் பார்த்திருக்க வேண்டும், வலது காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கினார்.

“என்னமோ சொன்னீங்களே?”

ஜல்லி வண்டிகள் உறும ஆரம்பித்துவிட்டன. பாவாயி கொடியைச் சுருட்டிக்கொண்டு அருகில் வந்திருந்தாள், கூடைக்காரர்களும் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றார்கள். கோகிலம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். காய்கறிக்காரனைத் தெருமுனையில் நிறுத்தக் கூப்பிடுகிற குரலை எடுத்தாள்.

“நான் போட்ட அம்பு தப்பு! கல்லை அடியிலேர்ந்து எடுத்தேன். எழுத மறந்துட்டேன். நீங்க சொன்னதுதான் சரி, தெற்கு கிழக்கேதான் போச்சு. சிரிச்சதும் தப்பு. நாளைக்கு எழுதறேன், உங்க பேரைப் போட்டு எழுதறேன்!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தெற்கு எங்கே போனது என்று பாவாயி தெற்கே ஒருமுறை பார்த்தாள். செங்கோடன் ஒயரைக் கீழே வைத்தார். மெதுவாக, அவசரமே இல்லாமல், இடது காதிலிருந்த பஞ்சையும் எடுத்தார். தலையைச் சாய்த்து அந்தப் பக்கத்தைக் காட்டினார்.

“இந்தக் காதுக்கும் ஒருக்காச் சொல்லுங்க,” என்றார்.

அவள் சொன்னாள்.